கடலுக்கு நடுவே ஒரு தோட்டம்



"சுற்றுலா போனேன்" என்று எழுத எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில் ஒரு பெண் பெட்டி கட்டினால் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறாள் என்று பொருள். எங்கள் பாட்டிமார் காலத்திலோ 'இந்தியாவுக்குப் பேர் பதிந்து' போகிறாள் என்று பொருள். கதிர்காமத்துக்குப் போவது நேர்த்திக்கடன், அது வேறு. பார்த்து மகிழ்வதற்கென்று பயணம் போன பெண் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை.

2019 இல் சமூகப்பணிப் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னையில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பயிற்சி முடியும் தறுவாயில், விடுதியில் என்னோடிருந்த எட்டுப் பெண்கள் அந்தமான் தீவுகளுக்குப் போகத் திட்டமிட்டு என்னையும் அழைத்தார்கள். காசில்லை என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையில் காசு மட்டும் காரணமல்ல. கணவனைப் பறிகொடுத்த பெண்களின் கதைகளை நாள்தோறும் கேட்டு எழுதுகிறவள், கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கலாமா என்ற கேள்விதான் என்னைத் தடுத்தது.

என் மனதை மாற்றியது விடுதிச் சுவரில் தொங்கிய வரைபடம். அந்தமானுக்குத் தெற்கே நிக்கோபார் தீவுக் கூட்டம். அதில் ஒரு புள்ளியின் பெயர் கச்சால். என் அம்மாயி அடிக்கடி சொன்ன பெயர் அது.

1948 இல் குடியுரிமை இழந்த மலையக மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. மக்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் குடியேறினார்கள். சில குடும்பங்களை இந்திய அரசு கச்சாலின் இறப்பர் தோட்டத்துக்கு அனுப்பியது. அம்மாயியின் தங்கை போனது அங்கேதான். "கடலுக்கு நடுவுல ஒரு தோட்டமாம்" என்று அம்மாயி சொல்வார். வந்தது ஒரேயொரு கடிதம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அழிந்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. வானொலியில் நிக்கோபார் என்று கேட்ட அன்று அம்மாயி அடுப்பு மூட்டவில்லை. தங்கை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலேயே 2011 இல் அவர் கண்ணை மூடினார்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணித்தியாலம். போர்ட் பிளேயர் விமான நிலையத்தில் மற்ற எட்டுப் பேரும் வெளியே போய்விட, வெளிநாட்டவள் என்பதால் நான் மட்டும் பதிவுக்காகக் காத்திருந்தேன். அம்மாயியும் பேர் பதிந்திருந்தால் நானும் அவர்களோடு போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நகரத்துக்கு 2024 இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

முதல் நாள் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1906 இல் கட்டி முடிந்தபோது ஏழு கட்டடங்கள். இன்று எஞ்சியிருப்பவை மூன்று. கச்சாலுக்குப் போக முடியாது என்பதும் அன்றுதான் உறுதியானது. தெற்கே 400 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். அது பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய பகுதி என்பதால் தனி அனுமதியும் வேண்டும்.

மறுநாள் சந்தையில் மாங்காய் வாங்கினோம். தொட்டுக்கொள்ள உப்பும் கொச்சிக்காயும் கேட்டேன். கடையில் இருந்த வயதான அம்மா தலை நிமிர்ந்தார்.

"கொச்சிக்காயா? நீ சிலோனா புள்ள?"

சின்னப் பிள்ளையாகப் பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கச்சாலுக்குப் போனவர் அவர். சுனாமியில் மகனையும் மாமியாரையும் இழந்து போர்ட் பிளேயருக்கு வந்தவர். அம்மாயியின் தங்கை பெயரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல மூணு பேர் இருந்தாங்க புள்ள. இப்ப ஒருத்தரும் இல்ல" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர்தான் பேச்சை மாற்றினார். "கடல்ல எறங்குனியா?"

"மனசு வரல பெரியம்மா."

"நானும் மூணு வருசம் கடல் பக்கம் திரும்பல. பொறகு தெருவுல இருந்த பொம்பளைங்க எல்லாம் சேந்து கூட்டிட்டுப் போனாங்க. தனியாப் போயிருந்தா அழுதுட்டுத்தான் வந்திருப்பேன். அன்னிக்கு அழுதேன், சிரிக்கவும் செஞ்சேன்."

அடுத்த நாள் ஹவ்லொக் தீவு. வெள்ளை மணல், கண்ணாடி போன்ற தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்த என்னை எட்டுப் பேரும் இழுத்துக்கொண்டு போனார்கள். கைகோத்து நின்றோம். அலை வந்து எல்லோரையும் சாய்த்தது. எழுந்து சிரித்தேன். அம்மாயிக்காக அழுததும் அந்தத் தண்ணீரில்தான்.

சகோதரிகளே, இழப்புக்குப் பின் சிரிக்கும் பெண்ணை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. பூ வைத்தால் பேச்சு, பயணம் போனால் பேச்சு. ஊர் சொல்வதற்கு முன்பே நாமே நம்மைத் தடுத்துக்கொள்கிறோம். சிரிப்பதால் போனவர்களை மறந்துவிட்டோம் என்றாகாது. கூடிப் போகும்போது துக்கத்தைச் சுமக்கவும் ஆள் இருக்கிறது. (போராலோ பேரழிவாலோ பிரிந்த உறவைத் தேடுவோர் செஞ்சிலுவைச் சங்கக் கிளையில் கேட்டுப் பாருங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணமில்லை.)

2023 இல் எங்கள் மகளிர் குழுவினர் சீட்டுக் காசு சேர்த்து, பதுளை-செங்கலடி வீதி வழியாகப் பாசிக்குடாவுக்கு பஸ்ஸில் போனோம். "கொழுந்து பறிக்கிறவளுக்கு என்ன சுற்றுலா?" என்று கேட்ட ஆண்கள் இருந்தார்கள். இருபத்தாறு பேர் போனோம். பாதிப் பேருக்கு அதுதான் முதற் கடல். 2014 மீரியபெத்தை மண்சரிவில் உறவுகளை இழந்த ஓர் அக்கா கரையிலேயே நின்றார். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு பேர் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள்.

மாலையில் பஸ் ஏறும்போது பார்த்தேன். அந்த அக்காவின் சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது.