தங்கவயலின் ஏற்றமும் இறக்கமும்

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்று போற்றிப் பெருமூச்செறிவர். யாம் அதற்கு உடன்படோம். அங்கே இருந்தவை இரண்டு ஊர்கள். பங்களாவும் கேளிக்கை மன்றமும் பந்தாட்ட வெளியும் உடையது ஒன்று. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்று நிலமற்றுப் பெயர்ந்த தமிழரும் தெலுங்கரும், அவருள்ளும் பெரும்பாலோராகிய ஆதி திராவிடர், நெருங்கி உறைந்த லயன் வீடுகள் மற்றொன்று. பெருமூச்செல்லாம் முதலாவதன் பொருட்டே எழுகின்றது!

ஊர் வளர்ந்த விரைவு வியப்பிற்குரியதே. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியினின்று மின்சாரம் இங்கு வந்தது. பெங்களூர் நகரமோ 1905 வரை காத்திருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாழத்தில் பாறையே சுடும். மேலுள்ள மலைப்பாரம் தாங்காது திடீரென வெடித்துச் சிதறும். அதற்குத் தப்பினவருள்ளும் பலரைக் கற்றூள் நுரையீரலிற் படிந்து மெல்லக் கொன்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன் இங்ஙனம் வெளிப்போந்தது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. தொடக்கத்தில் டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவிற்குத் தேய்ந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் வாயில்கள் அடைபட்டன.

பொன் தீர்ந்தமையால் ஊர் தாழ்ந்தது என்பர் சிலர். பொன் தீர்வது இயற்கை. அஃது ஒருநாள் தீருமென்று கணக்கறிந்தோர் யாவரும் அறிவர். அறிந்தும், ஒரு பேரூர் முழுவதையும் ஒரே தொழிலின்மேல் நிறுத்தி வைத்தது மனிதர் செயலன்றோ? அங்கு நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை ஒன்றே இதற்குப் போதுமானதாகுமா? இன்று ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர்.

எஞ்சியவை சயனைடு மேடுகள். கோடையில் அவற்றின் தூசி வீடுகளுட் புகுகின்றது. அம்மேடுகள் பதின்மூன்றினைக் கிளறி மிச்சப் பொன்னைப் பிரித்தெடுக்கக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. அப்பொன்னில் ஒரு பங்கு, கற்றூள் உண்டு மாய்ந்தோரின் மக்களுக்கென முதற்கண்ணே ஒதுக்கப்படல் வேண்டும். ஏலத்திற்குப் பின்னர் அன்று, முன்னரே.