எலிவேஷனுக்கு முன்னாடி ஒரு ஜன்னல்

போன தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது அப்பா தன் போனை என் கையில் கொடுத்தார். அதில் ஒரு வீட்டின் படம். வெள்ளைச் சுவர், கறுப்பு பார்டர், முன்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி, ஓரத்தில் சி.என்.சி. கட்டிங் ஜாலி, அதற்குள் மஞ்சள் லைட்.

"இதே எலிவேஷன் வேணும். சிவில்தானே படிக்கிற? நீயே பிளான் போட்டுரு. வெளியாளுக்கு எதுக்குக் காசு?"

சிவில் படிக்கிற எல்லோர் வீட்டிலும் இந்த டயலாக் ஒரு தடவையாவது வந்திருக்கும். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். நாலு வருஷம் படித்ததற்கு ஒரு வீடாவது கிடைத்ததே என்று.

எங்கள் மனை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம். வைத்தியநாத சுவாமி கோயில் மணி காதில் விழும் தூரம். திருமலை நாயக்கருக்கு வயிற்றுவலி தீர்ந்தது அங்கேதான் என்று ஊரில் சொல்வார்கள். மனை 30 அடிக்கு 40 அடி. ரோடு மேற்குப் பக்கம். நேர் எதிரே தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவர் படுக்கிற அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அது எங்கள் மனையைப் பார்த்துத் திறக்கிறது.

அந்த ஜன்னலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஒரு வீட்டை டிசைன் பண்ணுவது யார்?

ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் என்று நாம் சொல்வோம். ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு மனையில் போய் நின்றபோதுதான், பாதி வீட்டை ஏற்கெனவே மூன்று பேர் டிசைன் பண்ணி முடித்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. முதல் ஆள், மனை போட்டு விற்றவர். இரண்டாவது, சட்டம். மூன்றாவது, அப்பாவின் போன். மூன்று பேரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசிக்கொண்டதில்லை.

முதல் ஆளைப் பார்ப்போம். அப்பா இந்த மனையை 2012-ல் வாங்கினார். விற்றவர், "அப்ரூவல் எல்லாம் வந்துரும் சார்" என்றார். வரவில்லை. 2016 கடைசியில் அக்கா கல்யாணச் செலவுக்காக அதை விற்கலாம் என்று போனால், பதிவு பண்ண முடியாது என்றார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டிருந்தது. கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகு, கட்டணம் கட்டி மனையைச் சரி பண்ணினோம்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏன் எல்லோரும் அவ்வளவு டென்ஷனாக இருந்தார்கள் என்று தெரியாது. இப்போது தெரிகிறது. நாம் சைட் பிளான் என்று வரைகிற அந்தச் செவ்வகத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பத்து வருஷச் சேமிப்பு இருக்கிறது. ரோடு அகலம் எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பூங்காவுக்கு இடம் விட்டார்களா என்பதெல்லாம் அந்தச் செவ்வகத்தைப் போட்ட அன்றே முடிவாகிவிட்டது.

இரண்டாவது ஆள் சட்டம். தமிழ்நாடு முழுக்க இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது எங்கள் 1,200 சதுர அடி மனையில், எல்லாத் தளத்தையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கணக்கு வரும். ஆனால் அதை இஷ்டத்துக்குப் பரப்ப முடியாது. ரோட்டின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இதையெல்லாம் வைத்து எங்கே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி சொல்கிறது. நம்ம பாஷையில் செட்பேக்.

சட்டம் கட்டடத்தின் வடிவத்தை மாற்றுவது புதுசு இல்லை. இங்கிலாந்தில் 1696-ல் ஜன்னலுக்கு வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் ஏராளம். 1851-ல் வரி போய்விட்டது, அடைத்த ஜன்னல்கள் இன்றும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. நியூயார்க்கில் 1915-ல் கட்டி முடித்த ஈக்விட்டபிள் கட்டடம் சுற்றியிருந்த தெருக்களையே நிழலில் தள்ளியது. அடுத்த வருஷமே, மேலே போகப் போகப் பின்வாங்க வேண்டும் என்று விதி வந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் படி படியாகக் குறுகி ஏறுவதற்கு அந்த விதி முக்கியக் காரணம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம மதுரையிலேயே மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரம்தான் என்று கட்டுப்பாடு இருக்கிறது. கோபுரம் கண்ணுக்குத் தெரிவது கூடச் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இப்போது மூன்றாவது ஆள், அப்பாவின் போன். அந்தப் படத்தில் இருக்கிற வீடு எந்த ஊர் வீடோ தெரியாது. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மத்தியானம் 2 மணியிலிருந்து 5 மணி வரை மூஞ்சிக்கு நேராக அடிக்கிற வெயில். அதற்கு எதிரே இரண்டு மாடிக் கண்ணாடி வைத்தால், ஹாலில் ஏ.சி. போட்டு, அதற்கு மேல் கனமான திரையும் போட்டு மூட வேண்டும். மலை தெரியும் என்று அப்பா ஆசைப்படுகிறார். திரை போட்ட பிறகு எந்த மலை தெரியும்?

ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மிச்சமிருக்கிற பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னால் திண்ணை, உள்ளே முற்றம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டிய சுவர். காற்றும் வெளிச்சமும் வீட்டின் நடுவிலிருந்து வரும். இன்றைய விதி அதே காற்றை வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் விடச் சொல்கிறது. 30 அடி மனையில் அது ஒரு குறுகலான சந்தாகத்தான் முடியும். அதில் நாம் என்ன பண்ணுகிறோம்? டைல்ஸ் போடுகிறோம், மேலே தகரம் அடிக்கிறோம், வாஷிங் மெஷின் வைக்கிறோம். காற்றுக்காக விட்ட இடத்தில் காற்றைத் தவிர எல்லாம் இருக்கிறது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியும் பெரும்பாலும் அந்த டைல்ஸுக்கு அடியில்தான் காணாமல் போகிறது.

இதில் விதியின் மேலும் தப்பு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். தொடர்கட்டடப் பகுதி என்று அறிவித்த இடங்களில் சுவரை ஒட்டிக் கட்ட விதியே அனுமதிக்கிறது. அதே வசதியை, முற்றம் வைத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு, புது மனைப்பிரிவுகளில் இருக்கிற சின்ன மனைகளுக்கும் கொடுத்தால் என்ன? சின்ன மனைக்காரர் விதியை மீறுவதற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. விட வேண்டிய இடத்தை விட்டால் பெட்ரூமில் கட்டில் போட முடியாது என்கிற கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் விதி பிடிக்கவில்லை என்பது ஒன்று. அதை ஏமாற்றுவது வேறு. அப்பா கடைசியில் சொன்னது இதுதான். "தென்பக்கம் அரை அடி விட்டா போதும்டா. அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுறதுக்கு ஒரு பிளான். எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க."

உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். மீறிக் கட்டிவிட்டுப் பிறகு அபராதம் கட்டி வரன்முறை பண்ணிக்கொள்ளலாம் என்ற தைரியத்தை நமக்குக் கொடுத்ததும் சட்டமே. 1971-ம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று அதற்காகவே பிரிவுகள் பிறகு சேர்க்கப்பட்டன. நேர்மையாக இடம் விட்டவன் ஏமாளி ஆகிவிட்டான்.

அப்பாவுக்கு நான் இரண்டு விஷயம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வருஷம் உங்களையும் யாராவது இப்படிக் கேட்பார்கள்.

முதல் விஷயம், அந்த ஜன்னல். 1882-ம் வருஷ இந்திய வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாமல், அமைதியாக, உரிமையாக வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால், அது சட்டப்படியான உரிமையாகவே ஆகலாம் என்கிறது அதன் 15-வது பிரிவு. பாட்டியின் ஜன்னல் என் வயதைவிடப் பழசு. நாம் அரை அடி தள்ளிச் சுவர் எழுப்பினால், அது நம் மனைக்குள்ளேயே இருந்தாலும் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அவர் போக மாட்டார், அது எனக்கும் தெரியும். பகலிலும் லைட் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது, கையெழுத்து. 2024 ஜூலை 22-ல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. எங்கள் மனைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டம் மாதிரி இருக்கிறது. நல்ல திட்டம், அலைச்சல் மிச்சம். ஆனால் "விதிப்படிதான் கட்டுகிறேன்" என்று உறுதி கொடுப்பது யார்? அப்பா. பொய் என்றால் மாட்டுவதும் அப்பாதான்.

நாளைக்கு இன்ஜினியராகக் கையெழுத்துப் போடப்போவது நாம். சின்ன ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பிளான் போடுவது சிவில் இன்ஜினியர்கள்தான். 2020 மார்ச் 17-ல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. 1972-ம் வருஷ ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், பதிவு பண்ணாதவர்கள் "ஆர்க்கிடெக்ட்" என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது, அந்த வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்பது அதன் சாரம். நம்ம ஆள்கள் இதைக் கேட்டதும் ஜாலியாகிவிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. வேலை செய்ய விட்டிருக்கிறார்கள் என்றால், தப்புக்குப் பதில் சொல்லவும் நாம்தான் நிற்க வேண்டும். 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் பிளான் இருந்தது, அனுமதி இருந்தது, கையெழுத்துகள் இருந்தன.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாம் சட்டத்தை டிசைன் முடிந்த பிறகு வருகிற தலைவலியாகப் பார்க்கிறோம். அதை மணல், கம்பி, வெயில் மாதிரி டிசைனின் முதல் நாளே மேசையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அது உதவக்கூடச் செய்கிறது.

எங்கள் வீட்டுக்கு நான் அப்படித்தான் முயற்சி பண்ணினேன். தென்பக்கம் விட வேண்டிய இடத்தை முழுசாக விட்டேன். மாடிப்படியை வடபக்கம் மாற்றினேன். முன்னால் செட்பேக் போக, கட்டடக் கோட்டுக்கு உள்ளேயே ஒரு ஆழமான திண்ணை, மேலே நீளமான சன்ஷேட். சாயங்காலம் வெயில் இறங்கியதும் அப்பா அங்கே உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம், திரை வேண்டாம். கண்ணாடி சின்னதாகிவிட்டது. பெட்ரூமில் ஒன்று ஒன்றரை அடி குறைந்தது. அதற்கு அம்மா இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பிளான் இப்போது நாலாவது தடவையாகத் திருத்தத்தில் இருக்கிறது. அப்பா புதுசு புதுசாக எலிவேஷன் படங்கள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் அரை அடிப் பேச்சை எடுப்பதில்லை.

நீங்கள் இந்த லீவில் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அப்ரூவல் பிளானை பீரோவிலிருந்து எடுத்து, டேப்பை வைத்து வீட்டோடு ஒத்துப் பாருங்கள். எங்கே மாறியிருக்கிறது, அதனால் யாருக்கு வெளிச்சம் போனது என்று தெரியும். வீட்டில் மனை வாங்கும் பேச்சு ஓடினால், மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் ரெரா பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள். "வந்துரும்" என்று பதில் வந்தால், வந்த பிறகு வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது மனையில் சுண்ணாம்புப் பொடி தூவி லைன் போட்டோம். பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சுவர் எந்த இடத்துல வருது தம்பி?" என்று கேட்டார். கோட்டைக் காட்டினேன். கோட்டையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப காத்து வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.