அறுபத்திரண்டா, ஐம்பத்தேழரையா?

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு தனிக் களை உண்டு. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கொடுக்கும் நாள் அது. ஆறு நாளும் ஓவர்லாக் மிஷினோடும் பிசிரோடும் மல்லுக்கு நின்ற பெண்கள் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கால் வைக்க இடம் இராது. திங்கட்கிழமை காலையிலோ, பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் கைகள் எத்தனையோ!

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உழைத்த கை கொஞ்சம் செலவழிக்க ஆசைப்படத்தான் செய்யும். ஆனால் அந்த மிஷின் என்றைக்காவது ஒரு நாள் நமக்கு நின்றுவிடும். அன்றைக்கு நம் கடனும் கூடவே நிற்குமா? அதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

கேள்வியைக் கிளப்பியவள் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு பெண். அவளும் அவள் வீட்டுக்காரரும் டெய்லர்கள். 2021-ஆம் வருஷத் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு வாங்க 10 லட்சம் ரூபாய் கடன் போட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் எங்கள் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். புது வீடு வாங்கியவள் முகமாக அது இல்லை.

"ஏனுங்க்கா, இருபது வருஷக் கடன்னு போட்டுட்டாங்க. எனக்கு இப்பவே நாப்பத்திரண்டு. அப்ப அறுபத்திரண்டு வயசு வரைக்கும் நான் மிஷின்லயே உக்காந்திருக்கோணுமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்: "எங்க கம்பெனியில ஒரு ஆத்தா இருக்குதுங்க. அறுபத்தஞ்சு வயசாச்சு. கண்ணு சரியாத் தெரியாமலே பிசிர் வெட்டுது. மக கல்யாணத்துக்கு வாங்குன கடன் இன்னும் தீரலையாம். அதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குதுங்க்கா."

"பயம் அப்புறம் இருக்கட்டும் அம்மிணி. முதலில் பென்சிலை எடு" என்றேன்.

அன்றைக்குத் திண்ணையில் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன். 10 லட்சம் ரூபாய், வட்டி 9 சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதம் நீங்கள் கட்டும் அந்தத் தொகையில் வட்டிக்குப் போவது 7,500. அசலில் குறைவது வெறும் 1,497 ரூபாய்தான்! இப்படியே 20 வருஷம் கட்டி முடித்தால் வட்டி மாத்திரம் 11 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஒரு வீட்டை வாங்கிவிட்டு இரண்டு வீட்டுக்குப் பணம் கட்டுகிறோம்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. அதே தவணையோடு மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்? அந்த ஆயிரம் முழுவதும் அசலில் கழியும். கடன் ஏறக்குறைய பதினைந்தரை வருஷத்தில் தீர்ந்துவிடும். வட்டியில் சுமார் 3 லட்சம் ரூபாய் மிச்சம். 2,000 ரூபாய் கூட்டிக் கட்ட முடிந்தால் 13 வருஷம்கூட ஆகாது. மாதம் ஒன்றும் கூட்ட முடியாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளி போனஸிலிருந்து ஒரே ஒரு தவணை அதிகம் கட்டினால் போதும். 20 வருஷம் பதினாறரை வருஷமாகச் சுருங்கும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டும் பதினைந்தரையும் ஐம்பத்தேழரை. "ஐம்பத்தெட்டுக்கு ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சுருதுங்க்கா!" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் புது வீடு தெரிந்தது.

ஐம்பத்தெட்டு என்ற எண்ணுக்கு என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? பிராவிடண்ட் பண்டோடு சேர்ந்த ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்கும் வயது அது. குறைந்தது 10 வருஷம் சந்தா கட்டியிருக்க வேண்டும். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை வேலை செய்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் இந்தக் கணக்குக்குச் சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வரம்பில் 14 வருஷம் சந்தா கட்டியவருக்கு எவ்வளவு வரும், போட்டுப் பாருங்கள்: மாதம் 3,000 ரூபாய். அதே 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமோ 1,000 ரூபாய்.

மாதம் 3,000 ரூபாய் வருகிற வீட்டில் 8,997 ரூபாய்த் தவணை நின்றால் அந்த வீடு என்ன ஆகும்? பிள்ளைகள் தலையில் விழும். இல்லாவிட்டால் கண் தெரியாமல் பிசிர் வெட்ட வேண்டும். ஆனால் கடன் இல்லாத சொந்த வீடாக இருந்தால், அதே 3,000 ரூபாயோடு ரேஷன் அரிசியும் சேமிப்பு வட்டியும் சேர்ந்து கௌரவமாகக் காலம் தள்ளலாம். வயதான காலத்தில் வருமானத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. செலவைக் குறைத்து வைப்பது இன்றைக்கு நம் கையில் இருக்கிறது.

"சரிங்க்கா, அந்த ஆயிரத்துக்கு எங்க போறது?" என்றாள் அடுத்த நாள்.

ஆயிரம் என்றால் மலைப்பாக இருக்கும். நாளைக்கு 34 ரூபாய் என்று சொல்லுங்கள், மலை மடுவாகிவிடும். அந்த வருஷம் மே மாதத்தில் சாதாரணக் கட்டண அரசுப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அவளுக்குப் போக வர தினம் 20 ரூபாய் மிச்சம். மற்றவர்களாக இருந்தால் அந்த இருபது எங்கே போயிற்று என்றே தெரியாமல் போயிருக்கும். இவள் அதை ஒரு டப்பாவில் போட்டாள். கம்பெனி வாசலில் வாங்கும் சாயங்கால வடைக்குப் பதில் வீட்டிலிருந்து வறுத்த கடலை கொண்டுபோனாள். வீட்டுக்காரரும் ரோஷப்பட்டு ஒரு வேளை டீயைக் குறைத்தார். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேலேயே இருந்தது!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. குழந்தையின் பாலிலும், பள்ளிக்கூடப் புத்தகத்திலும், மருந்திலும் கை வைப்பது சிக்கனம் இல்லை. நாற்பது தாண்டிய டெய்லருக்கு மூக்குக்கண்ணாடி ஆடம்பரமா? அது அவளுடைய தொழில் கருவி! கண் கெட்டால் ஷிப்ட் கெட்டது. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தும் சோம்பல்பட்டுத் தனியார் டாக்டரிடம் போய்க் காசைக் கொட்டுவதுதான் வீண். தவணையில் புது டெலிபோன், ஒரு முறை கட்டிவிட்டு மடித்து வைக்கும் பட்டுச் சேலை, ஊர் மெச்ச வைக்கும் சீர்வரிசை: கத்தரி போட வேண்டிய இடங்கள் இவை.

கடன்களில் எதை முதலில் அடைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய கடனைப் பார்த்துப் பயந்து, சின்னக் கடனை அலட்சியம் செய்கிறோம். நிஜத்தில் கடிப்பது சின்னக் கடன்தான். தண்டல் கணக்கைப் பாருங்கள்: 10,000 ரூபாய் என்று பேர், கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே போகிறது" என்று தோன்றும். ஆனால் நாம் நாள்தோறும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோமே! அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 70 சதவீதத்துக்கு மேல் வட்டி ஆகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வீட்டுக் கடனோ 9 சதவீதம். ஆகவே முதலில் தண்டல், அடுத்து கை வட்டி, பிறகு குழுக் கடனும் நகைக் கடனும், கடைசியில்தான் வீடு. ஒன்று தீர்ந்ததும் அந்தத் தவணைப் பணத்தைச் செலவில் சேர்த்துக்கொள்ளாமல் அடுத்த கடன் மேல் திருப்பிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கடனை அடைக்கும் வேகத்தில் கையைச் சுத்தமாகத் துடைத்துவிடாதீர்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் குறைந்தது ஷிப்ட்தான். வேலை இல்லாத மாதத்தில் கையில் ஒன்றும் இல்லாவிட்டால், அடைத்த கடன் தண்டலாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கும். ஆகையால் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவும் தவணையும் வருகிற அளவுக்குப் பணத்தைத் தனியாக சேவிங்ஸ் கணக்கில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகே வீட்டுக் கடனைக் கூடுதலாக அடைக்கத் தொடங்குங்கள். பி.எப். பணத்தையும் கம்பெனி மாறும்போதெல்லாம் எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். பழைய எண்ணிலேயே புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் போவது பணம் மட்டும் இல்லை, ஓய்வூதியத்துக்கான வருஷமும் அறுந்துபோகலாம்.

வங்கிக்குப் போகும்போது நினைவில் வைக்க மூன்று விஷயங்கள்:

முதலாவது, மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நிலையான வட்டியாக இருந்தால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூடுதலாகக் கட்டும்போது, "மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். தவணையைக் குறைத்தால் இன்றைக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அறுபத்திரண்டு அறுபத்திரண்டாகவே நிற்கும்.

மூன்றாவது, கடன் தீர்ந்த அன்று இனிப்போடு காரியம் முடிந்துவிடாது. கடன் பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதி.

நம் கதாநாயகி என்ன ஆனாள்? சொந்த வீட்டுக்குப் போய்விட்டாள். 2025-ல் கம்பெனியில் ஷிப்ட் குறைந்தபோது நாலு மாதம் அந்தக் கூடுதல் ஆயிரத்தைக் கட்ட முடியவில்லை. வருத்தத்தோடுதான் வந்து சொன்னாள்.

"தவணை தவறிச்சா அம்மிணி?"

"இல்லீங்க்கா. தனியாப் போட்டு வெச்சிருந்த பணத்துல கட்டீட்டேன்."

"தண்டல்காரர் கிட்டே போனாயா?"

"ஐயோ, அந்தப் பக்கமே போகலீங்க."

"அப்புறம் என்ன? நாலு மாதம் தள்ளிப் போனால் போகட்டும், தீபாவளி போனஸில் பிடித்துக்கொள்ளலாம்" என்றேன்.

போனஸ் வந்தது. முதலில் வங்கிக்குப் போனாள். அதற்குப் பிறகே ஜவுளிக் கடைக்கு. கம்பெனியில் அந்த ஆத்தாவுக்கும் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாளாம். "எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நீங்க இருந்தீங்க. அதுக்கு யாரும் இல்லீங்க்கா" என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சகோதரிகளே, இந்தச் சனிக்கிழமை சம்பளக் கவர் வந்ததும், வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: யாருக்குக் கடன், எவ்வளவு பாக்கி, வருஷத்துக்கு எத்தனை சதவீத வட்டி, தீரும்போது நமக்கு என்ன வயது. முதல் மூன்று கட்டம் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். நாலாவதைத்தான் நாம் எழுதிப் பார்ப்பதே இல்லை. அந்த எண் ஐம்பத்தெட்டைத் தாண்டினால் கலங்க வேண்டாம்; நாளைக்கு 34 ரூபாயிலிருந்து ஆரம்பியுங்கள்.