லெமன் சாதம் ‘ஓல்டு’ ஆகிப்போச்சா? புளியங்குடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் கணக்கு

காலை 7 மணி. ஸ்கூல் வேன் வர இன்னும் அரை மணி நேரம்தான். “எம்மா, லெமன் சோறு வேண்டாம்மா, பிரட் ஜாம் வச்சுக் குடு!” சென்னை ஃபிளாட்டில் கேட்கும் இந்தக் குரல், தென்காசி மாவட்டம் புளியங்குடியில் கேட்டாலும் இப்போது யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இத்தனைக்கும் அது ‘லெமன் சிட்டி’ என்று பெயரெடுத்த ஊர். அந்த ஊர் எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஊர் பழத்துக்கு மரியாதை கிடைத்துவிட்டது. டிபன் பாக்ஸில்?

பிரட்தான் வில்லனா?

முழுசாக அப்படிச் சொல்லிவிட முடியாது. இரண்டு ஸ்லைஸ் பிரட்டில் சுமார் 4 முதல் 5 கிராம் புரதம் இருக்கும். ஒரு கப் வெள்ளைச் சோற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, சாண்ட்விச்சை நிறுத்திவிட்டு வெறும் லெமன் சாதமும் சிப்ஸும் கட்டிக் கொடுத்தால், ‘நம்ம பாரம்பரிய உணவு’ என்று பெருமைப்படலாமே தவிர, பிள்ளைக்குப் பெரிய லாபமில்லை. பிரட்டோ சோறோ, பிரச்சினை பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதில்தான்.

அரசுப் பள்ளித் தட்டைப் பாருங்க

1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இன்றைய சத்துணவுப் பட்டியலில் லெமன் சாதம் தனியாக வருவதில்லை. கூடவே சுண்டல், முட்டை. ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளையின் பாக்ஸை விட, இந்தத் தட்டு பல நாள் உஷாரானது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும்.

எலுமிச்சைக்கு என்ன வேலை?

2016-18ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பயறு, கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும் உடம்பு அதை லேசில் உறிஞ்சாது. வைட்டமின் சி கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். அதாவது, சுண்டலும் எலுமிச்சையும் நல்ல ஜோடி. ஆனால் சாற்றை அடுப்பில் கொதிக்க விடாதீர்கள். சூட்டில் வைட்டமின் சி குறைந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். புளிப்பு இருப்பதால் மதியம் வரை சோறு எளிதில் கெடாது என்பது கூடுதல் வசதி.

ஐந்து நாள், ஐந்து பாக்ஸ்

- திங்கள்: லெமன் சாதம், கொண்டைக்கடலை சுண்டல், வெள்ளரித் துண்டு
- செவ்வாய்: கேரட் துருவிப் போட்ட தோசை, வேர்க்கடலைச் சட்னி, கொய்யா
- புதன்: முருங்கைக்கீரை சாதம், அவித்த முட்டை
- வியாழன்: பொடி இட்லி, பாசிப்பயறு சுண்டல், வாழைப்பழம்
- வெள்ளி: சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல், முட்டை அல்லது வறுத்த கடலை

ஒரே விதிதான்: சோறு கொஞ்சம் குறையட்டும், பயறோ முட்டையோ கட்டாயம் இருக்கட்டும், காயோ பழமோ ஒன்று சேரட்டும்.

எல்லாம் அம்மா தலையிலா?

இங்கேதான் பல ‘ஹெல்தி லஞ்ச்’ வீடியோக்கள் கோட்டை விடுகின்றன. விடிகாலையில் எழுந்து அஞ்சு ஐட்டம் செய்ய, வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஏது நேரம்? ராத்திரி கடலையை ஊறப்போடுவதும், காலையில் முட்டை அவிப்பதும் அப்பாவுக்குத் தெரியாத வித்தை இல்லை.

பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. அதைக் கவனிக்காமல், “முட்டை கொண்டு வராதே, வாசம் வரும்” என்று பிள்ளையைத் தடுப்பது எந்த ஊர் நியாயம்? சத்துணவுக் கூடத்தில் அரசே கொடுக்கும் முட்டை, தனியார் பள்ளியில் மட்டும் எப்படித் தப்பாகும்?

சாப்பாட்டைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை சிரிக்கும் என்ற கூச்சம்தான் பல பாக்ஸை பிரட் பக்கம் தள்ளுகிறது. அந்தக் கூச்சத்தை வகுப்பறையில் டீச்சரும், வீட்டில் பெற்றோரும் சேர்ந்துதான் போக்க முடியும். புளியங்குடிப் பிள்ளை லெமன் சாதத்தை மூடி மறைத்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தில் சுண்டல் மட்டும் மறக்காமல் வையுங்க.