விலகியது எலும்பு அல்ல

சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ கழுத்து வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "எலும்பு விலகிருச்சு" என்பார்கள். கைராசிக்காரராகப் பார்த்து ஒரு சொடக்கு எடுத்துவிட்டால் விலகினது உட்கார்ந்துவிடுமாம். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்துத் தலையை வெடுக்கென்று திருப்புகிறார்கள். 'சடக்' என்றதும் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி. இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தானதும்கூட.

அது எலும்பு இடம் சேரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குழி உண்டாகிற சத்தம். விரலில் சொடக்கு எடுத்தாலும் இதேதான். 2015இல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்து இதைப் படமே பிடித்துவிட்டார்கள். விபத்தில் கழுத்தெலும்பு நிஜமாகவே இடம் பெயர்ந்தால், கழுத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், திருப்பவே கூடாது.

"ஸ்கேன்லயே டிஸ்க் விலகியிருக்குன்னு வந்துச்சே?" என்று கேட்பார்கள். முதுகுவலி இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கியிருந்தது. பெரும்பாலும் அது நரையைப் போல வயதோடு வருவது.

இந்த நம்பிக்கைக்குச் சாஸ்திரம் எழுதியவர் டி.டி. பாமர். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காது கேளாத துப்புரவுப் பணியாளர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கவைத்ததாகச் சொல்லி, கைரோபிராக்டிக் என்ற முதுகெலும்புச் சிகிச்சை முறையைத் தொடங்கினார். பெரும்பாலான நோய்களுக்கு விலகிய முதுகெலும்புதான் காரணம் என்றார். செவி நரம்போ முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அந்தத் துறையிலேயே பலர் இந்தக் கொள்கையைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிடாதவர்களுக்கு என்ன ஆகிறது? பிரான்ஸில் கைரோபிராக்டிக் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பழைய கொள்கையில் ஊறியவர்கள் யாருக்குச் சிகிச்சை தேவையில்லை என்பதைக் கண்டுகொள்வதில் பின்தங்கினார்கள்.

என் கவலையெல்லாம் இங்கேதான். கல்லூரியில் படிப்பவரின் தீர்ப்பையே நம்பிக்கை இழுத்துப்போகிறது. தாய்மாமனிடம் கூடமாட நின்று சுளுக்கு எடுக்கக் கற்ற இளைஞரை, யூடியூபில் சொடக்கு வீடியோ பார்த்துப் பழகியவரை, அது எவ்வளவு தூரம் இழுக்கும்? எந்த முதுகைப் பார்த்தாலும் அவர்களுக்கு விலகிய முதுகாகத்தானே தெரியும்?

சுளுக்கு எடுப்பவர்களின் கைப்பழக்கத்தை நான் மட்டம் தட்டவில்லை. எண்ணெய் போட்டு நீவினால் இறுகிய தசை தளரும். முறையாகக் கற்றவர் முதுகை அழுத்திவிடுவதில் உடற்பயிற்சி தரும் அளவுக்கு ஆறுதல் கிடைக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தொடக்கூடாதவரைத் தொடும்போதுதான் விபரீதம். ராத்திரியில் விடாத வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்றால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'விலகல்' என்று முடிவுகட்டியவர் இதையெல்லாம் விசாரிக்கவே மாட்டார். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தவரின் குடும்பத்திடம் அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியுமா? 2017இல் டெல்லியில், சலூனில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவருக்கு உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கெட்டு, மூச்சே திணறிப்போனது.

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிய, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள். பந்தல் தலைக்கு மேலே. கவாத்தோ, குலை வெட்டோ, எல்லாமே அண்ணாந்தபடி, கையைத் தூக்கியபடி. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறும் பெண்கள், ஏலச்செடியின் தூரில் குனிந்தும் குத்துக்காலிட்டும் பகலெல்லாம் காய் எடுக்கிறார்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்காமல் என்ன செய்யும்? "எலும்பு விலகிருச்சு" என்ற மறுகணமே பழி அந்தப் பெண்ணின் எலும்புமேல் விழுகிறது. வேலை நேரத்தையும், இடையில் கையை இறக்கி நிற்க விடாத மேஸ்திரியையும், ஜீப்பில் ஆளை அடைக்கிற கணக்கையும் யாரும் கேட்பதில்லை. சொடக்கு எடுப்பவரின் விலாசத்தை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள்.