மேளத்துக்கு எதற்கு ஒலிபெருக்கி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவானாலும், சிற்றூர்களில் நடைபெறும் தீமிதி, ஆடிக் கூழ்வார்த்தல் போன்ற விழாக்களானாலும், பம்பையும் உடுக்கையும் பறையும் ஒலிக்காமல் சாமி புறப்படுவதில்லை. இரண்டு மேளக் குழுக்களை எதிரெதிரே நிறுத்தி வாசிக்கச் செய்து, சிறந்த குழுவுக்குப் பரிசளிப்பதும் ஊர்களின் வழக்கம்தான்.

அண்மையில் கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற அத்தகைய போட்டியில், நடுவர்களில் ஒருவராக என்னையும் அமர்த்தியிருந்தனர். ஒரு குழுவில் எட்டுப் பேர். பறை, பம்பை, உடுக்கை மட்டுமே அவர்களுடைய கருவிகள். மற்றொரு குழுவில் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரு சரக்கு வாகனம். அதில் ஜெனரேட்டர், ஆளுயர ஒலிபெருக்கிகள், கீபோர்டு, மின்னணு ரிதம் பேடு ஆகியவை இருந்தன.

இரண்டாவது குழு வாசிக்கத் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. முதல் குழுவினரின் கைகள் இயங்கிக் கொண்டிருந்தன. ஒலிதான் எங்களை வந்தடையவில்லை. நானும் இரண்டாவது குழுவுக்கே அதிக மதிப்பெண் அளித்தேன். பரிசளிப்பு முடிந்த பிறகு, முதல் குழுவின் மூத்த பம்பைக் கலைஞர் என்னிடம் வந்து, "ஐயா, நாங்க அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டார். நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இளைஞர்கள் பங்கேற்கும் முரசு, ஊதுகருவி அணிவகுப்புப் போட்டிகளை 'டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பு 1972 முதல் நடத்தி வருகிறது. மைதானத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது அங்கு நெடுங்காலம் விதியாக இருந்தது. 2004-இல் ஒலிபெருக்கிக்கும், 2009-இல் மின்னணு இசைக்கருவிகளுக்கும் அனுமதி கிடைத்தது. மெல்லிய ஒலியுடைய மரிம்பா போன்ற கருவிகளை மைதானத்தில் கேட்கச் செய்வதற்காக முரட்டுத்தனமாக அடிக்க வேண்டியிருந்த நிலை மாறும் என்றனர் ஆதரவாளர்கள். உடல் உழைப்பும் கூட்டு ஒழுங்கும்தான் இக்கலையின் உயிர். கருவிச் செலவு ஏறினால் சிறிய குழுக்கள் தாக்குப்பிடிக்க முடியாது என்றனர் எதிர்ப்பாளர்கள். அந்த விவாதம் இன்னமும் ஓயவில்லை.

நம் ஊர்களிலோ அனுமதி வழங்குவாரும் இல்லை, மறுப்பாரும் இல்லை. வசதியுள்ள குழு வாகனத்தோடு வருகிறது. வசதியற்ற குழு தோற்றுப் போகிறது.

ஏன் தோற்கிறது என்பதற்கு ஒலியியல் தெளிவான விடை தருகிறது. நான்கு பேர் வாசிக்கும் இடத்தில் எட்டுப் பேர் வாசித்தால் ஒலி அளவு ஏறத்தாழ 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் உயர வேண்டும்; அதற்கு நால்வருக்குப் பதில் நாற்பது பேர் தேவை. ஒலிபெருக்கியிலோ ஒரு குமிழைத் திருப்பினால் போதும். எனவே, ஆட்களைக் குறைத்துப் பெட்டிகளைக் கூட்டுவதே விழா நடத்துவோருக்கு இலாபமாகிறது. எட்டுப் பேர் குழு ஐவராகிறது; நாளை மூவராகலாம். ஒவ்வொரு முறையும் கழற்றிவிடப்படுபவர் ஒரு கலைஞர். அந்தப் பருவத்தின் கூலியை நம்பியிருக்கும் ஒரு குடும்பத் தலைவர்.

இதனால் மின்னணுக் கருவிகள் அனைத்தும் கலைக்குப் பகை என்று கூறிவிட முடியாது. மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மேண்டலினில் கர்நாடக இசையை வாசித்தபோது பழைமைவாதிகள் முகம் சுளித்தனர். ஆனால், ஒலி சட்டென மடிந்துவிடும் சாதாரண மேண்டலினில் நீண்ட கமகங்களுக்கு இடமில்லை. அவற்றை இயலச் செய்தது மின்சாரமே. அங்கே கருவி, கலைஞரின் கைக்குத் துணை நின்றது.

இளைய கலைஞர்கள் கூறும் மற்றொரு நியாயத்தையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பறை என்றால் சாவு வீடு, பறையடிப்பது ஒரு சாதியின் கட்டாயப் பணி என்று பல தலைமுறைகளாக இழிவு சுமத்திய சமூகம் இது. கீபோர்டும் ரிதம் பேடும் வந்த பிறகுதான் தங்களை 'கலைக்குழு' என்று அழைத்து மேடையேற்றுகிறார்கள் என்கின்றனர் அந்த இளைஞர்கள். அவர்களுக்கு ஒலிபெருக்கி என்பது ஓசை மட்டுமன்று, மதிப்பும் கூட. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறைக்கு உரிய மதிப்பைப் பறையாகவே பெற முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால், அந்த மதிப்பு டெல்லியிலிருந்து நம் ஊர்த் தெரு வரை வந்து சேர வேண்டும்.

ஆகவே, கேள்வி மின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. மின்சாரம் கலைஞரின் ஒலியைக் கூட்டுகிறதா, கலைஞரையே அகற்றுகிறதா என்பதுதான். நெகிழித் தோல் போர்த்திய பறை மழைச்சாரலில் தளர்வதில்லை. தீ மூட்டிக் காய்ச்ச வேண்டியதும் இல்லை. அதில் பொருள் மாறினாலும் வாசிப்பவர் மாறவில்லை. ஆனால், பதிவு செய்த தாளத்தை ஓடவிட்டு அதன் மேல் பெயரளவுக்குத் தட்டுவது அப்படிப்பட்டதன்று. பூசை வேளையில் பொத்தானை அழுத்தினால் தானே முழங்கும் மின்மேளம் பல கோயில்களில் வந்துவிட்டது. மேளக்காரர் இல்லாததால் இயந்திரம் வந்ததா, இயந்திரம் வந்ததால் மேளக்காரர் இல்லாமல் போனாரா என்று இன்று பிரித்தறிய முடியவில்லை. போட்டி மேடைகளிலும் அந்நிலை வரவிடலாகாது.

உடல்நலமும் சட்டமும் இதில் உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடங்களே. ஒலிபெருக்கியின் முன்னால் இரவெல்லாம் நிற்கும் இருபது வயது இளைஞரின் செவி என்னவாகும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு மட்டுமன்றி, 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இசைக்கருவிகளுக்கும் தடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், விழாக் காலங்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். தோல் மேளத்துக்கும் இது பொருந்தும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. போட்டிகளை இரண்டு பிரிவுகளாக நடத்தலாம்: தோற்கருவிகள் மட்டுமே கொண்ட குழுக்கள் ஒரு பிரிவு, மின்னணுக் கருவிகள் உள்ளவை மற்றொரு பிரிவு. முதல் பிரிவில் பாடுவோருக்கும், மெல்லொலி உடைய உடுக்கைக்கும் ஒரு ஒலிவாங்கி அனுமதிக்கலாம். பறைக்கும் பம்பைக்கும் அது தேவையில்லை. இரண்டாம் பிரிவில் விழாக் குழு அமைக்கும் ஒரே ஒலியமைப்பையே எல்லோரும் பயன்படுத்த வேண்டும். சொந்த வாகனம் கூடாது. பதிவு செய்த தாளத்துக்கு இரு பிரிவிலும் தடை வேண்டும். நேரில் வாசிப்போரின் குறைந்தபட்ச எண்ணிக்கையையும் வரையறுக்க வேண்டும். நடுவர்கள் ஓசையின் அளவுக்கு அன்றி, அடிகளின் தெளிவுக்கும், காலப் பிரமாணத்துக்கும், குழுவின் ஒத்திசைவுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும். இதை முதலில் எனக்கே சொல்லிக் கொள்கிறேன்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா, மாவட்டங்களில் நடைபெறும் அரசு விழாக்கள் ஆகியவற்றில் இந்த விதிகளைக் கடைப்பிடித்தால் ஊர் விழாக் குழுக்களும் பின்பற்றும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குழு ஒன்று கீழிறங்கி வந்து போட்டியிட, கருவிகளைச் சுமந்து வரும் பேருந்துக் கட்டணமே பெரும் செலவு; ஜெனரேட்டருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் அவர்களைப் பதிவு செய்வதும், இயல் இசை நாடக மன்றம் வழங்கும் இசைக்கருவி நிதியுதவி மலையூர்களுக்குச் சென்றடைவதும் உறுதி செய்யப்பட வேண்டும்.

திருச்சூர் பூரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒன்றாக நின்று வாசிக்கும் இலஞ்சித்தறை மேளத்தைக் காண மக்கள் திரள்கின்றனர். அங்கு பெருமை கைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. நம் ஊர் விழாக் குழுக்களும் வாகனத்துக்குச் செலவிடும் தொகையில் நான்கு கலைஞர்களைக் கூடுதலாக அழைக்கலாம். அந்த மூத்த கலைஞர் அடுத்த ஆண்டும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். "கேட்டது" என்று சொல்லும் நிலையில் நான் இருக்க விரும்புகிறேன்.