வீட்டுக்கு இரண்டு பூனை! மூன்றாவது பூனை எங்கே போகும்?

சிங்கப்பூரில் பூனைக்கு விடுதலை கிடைத்தது. அதுவும் சட்டப்படி!

2024-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அந்த விடுதலை நாள். அன்று முதல், அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம். அதற்கு முன் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தடை இருந்தது. மீறினால் 4 ஆயிரம் வெள்ளி வரை அபராதம். (டாலரை அந்த ஊர்த் தமிழர்கள் "வெள்ளி" என்றுதான் சொல்வார்கள்.)

"பூனைக்குக் கூடவா சட்டம்?" என்று நம் ஊரில் சிரிப்பார்கள். நம் ஊர்ப் பூனை யாரையும் கேட்காமல் ஓட்டின் மேல் ஏறும். ஐந்து வீட்டில் பால் குடிக்கும். ஆறாவது வீட்டில் குட்டி போடும். சிங்கப்பூர் அப்படி அல்ல. அது ஒரு சின்னத் தீவு. அங்கே ஏறக்குறைய 100-க்கு 80 பேர் அரசாங்க அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். அடுக்குமாடியில் தடை என்றால், ஊரில் பெரும்பாலான வீடுகளில் தடை என்று பொருள்.

ஏன் தடை?

நாய் வளர்க்கலாம். சிறிய சாதி நாய் என்றால் வீட்டுக்கு ஒன்று. பூனை மட்டும் கூடாது!

வீடமைப்புக் கழகம் சொன்ன காரணம் இதுதான்: பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம். அது வெளியே போகும். நடைபாதையில் அசுத்தம் செய்யும். முடி உதிர்க்கும். இரவில் கத்தும். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நள்ளிரவில் இரண்டு கடுவன் பூனைகள் சண்டை போடுவதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் ஒரு வேடிக்கை. அதே நாட்டின் சுற்றுலாத் துறை 1991-ல் ஒரு பூனையைத் தன் சின்னமாக வைத்துக் கொண்டது! "கூச்சிந்தா" என்று அதற்குப் பெயர். மலாய் மொழியில் "கூச்சிங்" என்றால் பூனை. "சிந்தா" என்றால் அன்பு. ஆற்றங்கரையில் பூனைக்குச் சிலை. அடுக்குமாடிக்குள் வந்தால் அபராதம்!

ஒளிந்து வாழ்ந்த பூனை

தடை போட்டதால் பூனை ஒழிந்து விட்டதா? இல்லை. எத்தனையோ வீடுகளில் அது இருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டால், பூனையைத் தூக்கிப் படுக்கை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அண்டை வீட்டார் புகார் செய்யாத வரை பயம் இல்லை. புகார் வந்தால் ஆபத்து.

பெரிய கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பூனை இல்லை. இல்லாத பூனைக்கு உரிமம் ஏது? "அதற்குக் கருத்தடை செய்" என்று யார் சொல்ல முடியும்? அது ஓடிப் போனால், "என் பூனையைக் காணோம்" என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பூனையின் கர்ப்ப காலம் ஒன்பது வாரம். ஒரு ஈற்றில் நான்கு குட்டி சாதாரணம். அந்தக் குட்டி ஆறு மாதத்துக்குள் தானே கருத்தரிக்கக் கூடும். ஒளித்து வைத்த ஒரு பூனை, ஒரே வருடத்தில் மாடிப்படி முழுவதும் குட்டியாகி விடும். யாரோ ஒருவர் அவற்றை அட்டைப் பெட்டியில் வைத்துக் கீழ்த்தளத்தில் விட்டு விட்டுப் போவார். தெருப் பூனை இப்படித்தான் பெருகுகிறது.

பிடித்துக் கொன்றால் தீருமா? அதையும் செய்து பார்த்தார்கள். சார்ஸ் நோய் பரவிய 2003-ல், தெருப் பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. 1998-ல் தொடங்கிய கருத்தடைத் திட்டமும் அந்த ஆண்டோடு நின்றது. ஆனால் பூனை போன இடம் காலியாக இருப்பதில்லை. எச்சில் உணவும் எலியும் இருக்கும் இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும். பிறகு கருத்தடை வழிக்கே திரும்பினார்கள்.

2012-ல் சோங் பாங் என்ற பேட்டையில் ஒரு சோதனை நடந்தது. நிபந்தனையோடு சிலருக்குப் பூனை வளர்க்க அனுமதி கொடுத்தார்கள். பேட்டை ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனாலும் நாடு முழுவதற்கும் அனுமதி வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின!

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு பூனை. ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும். அரிசி மணி அளவுள்ள "மைக்ரோசிப்" ஒன்றைத் தோலுக்கு அடியில் செலுத்த வேண்டும். அதைக் கருவியால் பார்த்தால் பூனை யாருடையது என்று தெரிந்து விடும். பூனை வெளியே போகாமலும், மாடியிலிருந்து விழாமலும் இருக்க ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். வளர்ப்பவர் ஒரு சிறு பாடமும் படித்தாக வேண்டும். ஏழைக் குடும்பத்தின் பூனைக்குக் கருத்தடை இலவசம்.

இதெல்லாம் சரி. நான்கு, ஐந்து, ஆறு என்று ஏற்கெனவே வளர்த்தவர்கள் என்ன செய்வது?

அவர்களில் பலர் ஆசைக்காகப் பூனை சேர்த்தவர்கள் அல்லர். கீழே கிடந்த குட்டியைத் தூக்கி வந்தவர்கள். காரில் அடிபட்டதை வைத்தியரிடம் கொண்டு போனவர்கள். ஐந்து பூனை உள்ள வீடு என்றால் லேசு அல்ல. மலம் கழிக்க மண் தட்டு மட்டுமே ஆறு வேண்டும். பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று என்பது கணக்கு. தீனித் தட்டும் தனித்தனி. புதிதாக வருவதைச் சில நாள் தனி அறையில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் வரும். வைத்தியச் செலவோ சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இவர்களைக் கைவிட்டு விடவில்லை. 2024 செப்டம்பருக்கு முன்பே வைத்திருந்த பூனைகளுக்கு உரிமம் வாங்கிக் கொள்ளலாம். எண்ணிக்கை கூடினாலும் வைத்துக் கொள்ளலாம். அதற்கு 2026 ஆகஸ்ட் 31 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆறில் ஒன்று செத்தால் ஐந்துதான். அந்த இடத்துக்குப் புதிய குட்டி வர முடியாது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அண்டை வீட்டாரை நினைத்தால் இரண்டு என்ற வரம்பு நியாயமே. தெருக் குட்டியை நினைத்தால், அதை இத்தனை நாள் ஏற்று வந்த கதவு மூடுகிறது. அந்தக் கதவுக்குப் பதிலாக, இதுவரை அபராதத்துக்குப் பயந்த நூறு வீடுகளில் ஆளுக்கு ஒரு பூனை என்று கதவு திறக்க வேண்டும். கடையில் விலை கொடுத்துச் சாதிப் பூனை வாங்குகிறவர் வீட்டில் அந்தக் கதவு திறக்காது!

கதவு திறக்காத பூனைகளுக்கு மற்றொரு வழி உண்டு. கூண்டில் பிடிக்கிறார்கள். கருத்தடை செய்கிறார்கள். அடையாளத்துக்கு இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுகிறார்கள். மயக்கத்தில் செய்வதால் வலிக்காது. பழகிய பூனைக்கு வீடு தேடுகிறார்கள். பழகாததை எடுத்த இடத்திலேயே விட்டு விடுகிறார்கள்.

அப்படி விட்ட பூனை, மாலையில் கட்டிடத்தின் கீழ்த்தளத் தூண் அருகே காத்திருக்கும். தினமும் ஒருவர் தீனி கொண்டு வருவார். அது தின்று முடிக்கும் வரை நிற்பார். பிறகு மிச்சத்தை அள்ளி, தரையைத் துடைத்து விட்டுப் போவார். அப்படியே போட்டு விட்டுப் போனால் குப்பை போட்ட குற்றம். அதற்கும் அபராதம் உண்டு.